"கிறிஸ்துமஸ் தாத்தா நீங்கதானா?": அந்தக் கேள்வி வரும் நாளுக்குத் தயாராவது எப்படி

என் மகளுக்கு எட்டு வயது நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் சாயங்காலம் இரண்டு தாள்களைக் கொண்டுவந்து மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்று, போன வருடம் 'கிறிஸ்துமஸ் தாத்தா' அவளுக்கு எழுதிய கடிதம். இன்னொன்று, அவளுடைய வகுப்பு ஆசிரியருக்கு நான் எழுதி, அடித்தல் திருத்தல் வந்ததால் கொடுக்காமல் விட்ட விடுப்புக் கடிதம். முதல் தாளில் 'குழந்தை' என்ற சொல்லின்மேல் ஒரு விரல், இரண்டாவது தாளில் 'வெள்ளிக்கிழமை'யின்மேல் இன்னொரு விரல்.

"அம்மா, தாத்தா போடற 'ழ'வும் நீ போடற 'ழ'வும் ஒண்ணுதாம்மா. ரெண்டோட வாலும் ஒரே மாதிரி சுழிச்சுக்கிட்டுப் போகுது."

அவள் முகத்தில் கோபமோ அழுகையோ இல்லை. கஷ்டமான கணக்குக்கு விடை வந்துவிட்ட முகம். நான்தான் பதறிப்போய், "தாத்தாவும் என்னை மாதிரிதான் எழுதுவார்போல" என்று சொல்லிவிட்டேன். அவள் இரண்டு தாள்களையும் மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அப்புறம் இரண்டு வாரத்துக்கு அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பள்ளியில் நடந்ததைச் சொல்வதும்கூடக் குறைந்துபோனது.

தாத்தா கிடையாது என்பது அவளுக்கு அதற்குள் தெரிந்துபோயிருந்தது. தான் கண்டுபிடித்தது சரிதானா என்று என்னிடம் காட்ட வந்தாள். நான் அதைத் தப்பு என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதைச் சரிசெய்ய எனக்கு வெகுநாள் பிடித்தது. இரண்டாவது பிள்ளையிடம் அந்தத் தவறைச் செய்யவில்லை. முதன்முறையாக இந்தக் கட்டத்துக்கு வரும் பெற்றோருக்காக, நான் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். கிறிஸ்துமஸ் தாத்தா, ஈஸ்டருக்கு முட்டையும் மிட்டாயும் வைத்துவிட்டுப் போவதாகச் சொல்லும் ஈஸ்டர் முயல், விழுந்த பல்லை எடுத்துக்கொண்டு தலையணைக்கு அடியில் காசு வைப்பதாகச் சொல்லும் பல் தேவதை எல்லோருக்கும் இது பொருந்தும்.

இதில் நான் உறுதியாக நம்புவது இதுதான்: நாமாகப் போய் உடைக்க வேண்டாம். பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கட்டும். கண்டுபிடித்து நம் முன்னால் கொண்டுவந்து வைத்த பிறகு, எந்தக் காரணத்துக்காகவும் மறுக்க வேண்டாம்.

முதலில், பிள்ளை எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

பெரும்பாலான பிள்ளைகள் ஏழு வயதை ஒட்டித்தான் சந்தேகப்படத் தொடங்குகிறார்கள். குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த ழான் பியாஜே, கண்ணால் பார்க்கும் விஷயங்களை ஒன்றோடொன்று பொருத்தி, காரண காரியம் தேடிப் பார்க்கும் திறன் ஏறக்குறைய அந்த வயதில்தான் கூடிவருகிறது என்றார். 'ஒரே ராத்திரியில் உலகம் முழுக்கவா?' என்ற கேள்வி அதுவரை பிள்ளைக்குத் தோன்றுவதில்லை. தோன்றும்போது, அது வளர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

கேள்விகளில் இரண்டு வகை உண்டு. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஒன்று, 'எப்படி' கேள்விகள். புகைபோக்கி இல்லாத வீட்டுக்குள் எப்படி வருவார்? அவர் வண்டியை இழுக்கும் கலைமான் எப்படிப் பறக்கும்? என் பல்லை எடுத்துக்கொண்டு போய்ப் பல் தேவதை என்ன செய்யும்? இப்படிக் கேட்கும் பிள்ளை இன்னும் கதைக்குள்தான் இருக்கிறது. கதையை நேர்செய்துகொள்ளப் பார்க்கிறது. இதற்கு நீங்கள் நீளமாகப் பதில் சொல்லத் தேவையில்லை. "அதானே, எப்படி இருக்கும்?" என்று கூடவே யோசித்தால் போதும்.

இன்னொன்று, 'யார்' கேள்விகள். பரிசு சுற்றின காகிதம் நம் அலமாரியில் எதற்கு இருக்கிறது? தலையணைக்கு அடியில் காசு வைத்தது யார்? நீங்கதானா? இப்படிக் கேட்கும் பிள்ளை கதையை விட்டு வெளியே வந்து உங்கள் முகத்தைப் பார்க்கிறது. இங்கிருந்து நீங்கள் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் கணக்கில் வரும்.

சில பிள்ளைகள் கேட்கவே மாட்டார்கள். நண்பன் வீட்டில் பல் தேவதைக்குப் பதிலாக எலி வருகிறது என்று தெரிந்தால் தமக்குள்ளேயே யோசிப்பார்கள். ஸ்பெயினில் விழுந்த பல்லை எடுக்க வருவது 'பெரெஸ்' என்ற குட்டி எலி. இத்தாலியில் ஜனவரி 6-க்கு முந்தின ராத்திரி 'பெஃபானா' என்ற கிழவி பரிசு கொண்டுவருகிறாள். ஐஸ்லாந்தில் ஒருவர் இல்லை, பதின்மூன்று பேர் வருகிறார்கள். பல நாட்டுப் பிள்ளைகள் சேர்ந்து படிக்கும் வகுப்பில், ஆளுக்கொரு கதை என்பதே முதல் சந்தேகத்தைக் கிளப்பிவிடும்.

வீட்டுப் பெரியவர்கள் முன்கூட்டியே பேசி வையுங்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பிள்ளைக்கு ஆறு வயது ஆனதும் அம்மாவும் அப்பாவும் ஒரு தடவை உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். கேள்வி வந்தால் என்ன சொல்வது, யார் சொல்வது, தாத்தா பாட்டியிடம் கேட்டால் அவர்கள் என்ன சொல்ல வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு வரி போதும்: "எங்கிட்ட கேட்டுட்டே, அம்மா அப்பாகிட்டயும் கேளுடா கண்ணு." அப்பா 'இருக்கிறார்' என்று சத்தியம் செய்து, அம்மா 'இல்லை' என்று சொன்னால், பிள்ளை இருவரில் ஒருவரைப் பொய்யராக்கித்தான் ஆக வேண்டும். பிள்ளையை அந்த நிலைக்குத் தள்ளாதீர்கள்.

சந்தேகம் தொடங்கியதும் புதிய ஆதாரம் தயாரிக்காதீர்கள்

இங்கேதான் அன்பான பெற்றோர் அதிகமாகச் சறுக்குகிறார்கள். பிள்ளை லேசாகச் சந்தேகப்பட்டதும் நமக்குப் பதற்றம் வந்துவிடுகிறது. தரையில் மாவைத் தூவிக் காலடித் தடம் செய்கிறோம். வேறு ஆளைக் கொண்டு கடிதம் எழுத வைக்கிறோம். கணினித் திரையில் தாத்தாவின் வண்டி இப்போது எங்கே பறக்கிறது என்று காட்டுகிறோம். அமெரிக்க, கனடிய வான்பாதுகாப்புப் படையே அப்படி ஒரு கணக்கை வருடா வருடம் வெளியிடுகிறது. அந்த வழக்கத்தின் தொடக்கம் 1955. கனடாவின் தபால்துறை தாத்தாவுக்கென்று தனி அஞ்சல் குறியீடே வைத்து, பிள்ளைகளின் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறது. பின்லாந்தின் ரோவனியேமியில் ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டி அவருக்கு ஓர் ஊரே இருக்கிறது.

நம்புகிற பிள்ளைக்கு இவையெல்லாம் கொண்டாட்டம். சந்தேகப்படுகிற பிள்ளைக்கு அதுவே பாரம். தன் கண்ணும் மூளையும் ஒன்று சொல்ல, தான் நம்புகிற ஆட்கள் இன்னொன்று சொன்னால், பிள்ளை தன்னைத்தான் சந்தேகப்படும். அமெரிக்காவில் டல்லாஸிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் கேண்டிஸ் மில்ஸ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் பிள்ளைகளிடமும் பெரியவர்களிடமும் இந்த அனுபவத்தைக் கேட்டு ஆராய்ந்தார்கள். பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரும், பெரியவர்களில் பாதிப் பேரும் ஏதாவது ஒரு வகையில் மனக்கஷ்டம் பட்டதாகச் சொன்னார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது லேசானது, சீக்கிரம் போய்விட்டது. அதிகம் நொந்தவர்களைப் பார்த்தால், திடீரென்று தெரிந்துகொண்டவர்கள், இன்னொருவர் வாயால் கேட்டவர்கள், வயது ஏறிய பிறகு தெரிந்துகொண்டவர்கள், பெற்றோர் மிகத் தீவிரமாக நம்பவைத்த வீட்டுப் பிள்ளைகள். நாம் எங்கே கையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை இந்தப் பட்டியலே சொல்லிவிடுகிறது.

ஆகவே, முதல் 'யார்' கேள்வி வந்த நாளிலிருந்து புதிய ஆதாரம் எதையும் செய்யாதீர்கள். ஏற்கெனவே வீட்டில் நடந்துவந்தது நடக்கட்டும், கூட்ட வேண்டாம். சரியாக மறைக்காத பரிசுக் காகிதம், மாற்றாமல் விட்ட கையெழுத்து போன்ற சின்னச் சின்னத் தடயங்கள் இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். பிள்ளை தன் காலால் நடந்து வரட்டும்.

'நீ சேட்டை பண்ணினா தாத்தா பார்த்துக்கிட்டிருக்கார், பரிசு வராது' என்ற மிரட்டலை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். உண்மை தெரிந்த பிறகு பிள்ளைக்குப் பரிசு கொடுத்த கதை இனிப்பாகத்தான் நினைவிருக்கும். மிரட்டியது மட்டும் கசக்கும்.

கேள்வியைத் திருப்பிக் கேட்கலாம், ஒரே ஒரு முறை

"கிறிஸ்துமஸ் தாத்தா நிஜமா இருக்காரா?" என்று கேட்டதும், "நீ என்ன நினைக்கிறே?" என்று கேளுங்கள். இது மழுப்பல் ஆகாது. பிள்ளைக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்பதை இதை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

"இருக்கார்னுதான் நினைக்கிறேன்" என்று சட்டென்று சொல்லிவிட்டு விளையாடப் போனால், அதற்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டும். விட்டுவிடுங்கள். "இல்லேன்னு நினைக்கிறேன், ஏன்னா..." என்று காரணங்களை அடுக்கினால் கடைசிவரை கேளுங்கள், நடுவில் குறுக்கிடாதீர்கள். முடித்ததும் "எவ்வளவு நல்லா யோசிச்சிருக்கே" என்று மனதாரச் சொல்லுங்கள். "தெரியலை, நீயே சொல்லும்மா, நிஜத்தைச் சொல்லு" என்று வந்தால் திருப்பிக் கேட்கும் நேரம் முடிந்துவிட்டது. இரண்டாவது முறையும் "நீ என்ன நினைக்கிறே?" என்று கேட்டால் பிள்ளைக்கு ஒன்றுதான் புரியும்: இவர்களிடம் கேட்டுப் பயனில்லை.

1897-ல் நியூயார்க்கில் வர்ஜீனியா ஓஹன்லன் என்ற எட்டு வயதுச் சிறுமிக்கு இதே கதிதான் நேர்ந்தது. தாத்தா கிடையாது என்று தோழர்கள் சொல்ல, அவள் அப்பாவிடம் கேட்டாள். அவர் செய்தித்தாளைக் கைகாட்டினார். உண்மையைச் சொல்லுங்கள் என்று அவள் 'தி சன்' பத்திரிகைக்கு எழுதினாள். அந்த ஆண்டு செப்டம்பர் 21 அன்று, தாத்தா இருக்கிறார் என்று ஒரு தலையங்கம் வந்தது. அன்பும் நம்பிக்கையும் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் இருப்பதுபோல அவரும் இருக்கிறார் என்பது அதன் சாரம். உலகப் புகழ் பெற்ற எழுத்து அது. எனக்கும் பிடிக்கும். ஆனால் உண்மையைச் சொல்லச் சொல்லிக் கேட்ட எட்டு வயதுப் பிள்ளைக்கு அது பதில் இல்லை என்பதுதான் என் எண்ணம். "அன்பின் வடிவில் அவர் இருக்கிறார்" என்பதை உங்கள் பிள்ளையிடம் இரண்டாவது வாக்கியமாகச் சொல்லுங்கள். முதல் வாக்கியத்தில் உண்மை வரட்டும்.

உண்மையைச் சொல்லும் நேரம்

இடமும் நேரமும் முக்கியம். கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி வேண்டாம். தூங்கப் போகும் நேரமும் வேண்டாம். விளக்கை அணைத்த பிறகு பிள்ளை தனியாக அழுதுகொண்டு கிடக்கும். தம்பி தங்கை இருக்கும்போது கூடவே கூடாது. அவர்கள் முன்னால் கேள்வி வந்துவிட்டால், "நல்ல கேள்வி. இன்னைக்கு நாம ரெண்டு பேரும் மட்டும் தனியாப் பேசலாம்" என்று சொல்லுங்கள். சொன்னால் அன்றைக்கே பேசிவிட வேண்டும். நாளைக்கு என்று தள்ளிப்போட்டால் அதுவே பதிலாகிவிடும்.

நேருக்கு நேர் உட்கார்ந்து விசாரணை நடத்துவதுபோல் பேசுவதைவிட, துணி மடித்துக்கொண்டோ நடந்துகொண்டோ பேசுவது நல்லது. பிள்ளைக்கு நம் முகத்தைப் பார்க்கவும் வேண்டாம் என்றால் திருப்பிக்கொள்ளவும் வசதி இருக்கும்.

எங்கள் சின்னவனிடம் நான் சொன்னது ஏறக்குறைய இப்படி:

"ஆமாண்டா. பரிசு வெச்சது நானும் அப்பாவும்தான். பறக்கிற வண்டில வர்ற தாத்தா நிஜமா கிடையாது. நீ சரியாத்தான் கண்டுபிடிச்சிருக்கே."

அவ்வளவுதான். அப்புறம் நான் வாயை மூடிக்கொண்டேன். சொல்லி முடித்ததும் வரும் அந்த மௌனம் நமக்குத் தாங்காது. அதை நிரப்பத்தான் காரணங்கள், சமாதானங்கள், தத்துவங்கள் என்று கொட்டிவிடுகிறோம். கொட்டாதீர்கள். மனதுக்குள் இருபதுவரை எண்ணுங்கள். அடுத்த கேள்வி பிள்ளையிடமிருந்துதான் வர வேண்டும். தாத்தாவுக்கென்று ராத்திரி பாலும் பிஸ்கட்டும் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அவன் கேட்டது: "பாலைக் குடிச்சது யாரு?" அப்பா என்றேன். "பிஸ்கட்டை?" அதுவும் அப்பாதான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பாதியைக் கடிச்சு வெச்சது நல்லா இருந்துச்சு" என்றான். ஒவ்வொரு வருடமும் நாங்கள் செய்ததை ஒன்றொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டான். எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னோம்.

ஏன் செய்தோம் என்பதற்கு உங்கள் சொந்தக் காரணத்தைச் சொல்லுங்கள். "சின்ன வயசுல எனக்கு அது ரொம்பப் பிடிச்சது, உனக்கும் அந்தச் சந்தோஷம் கிடைக்கணும்னு நினைச்சேன்" என்பது எந்த விளக்கத்தையும்விட மேல்.

பிறகு, அன்றைக்கோ இன்னொரு நாளோ, கதை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லலாம். அதில் உண்மையான மனிதர் ஒருவர் இருக்கிறார். இன்றைய துருக்கியில் உள்ள மைரா என்ற ஊரில் 4-ம் நூற்றாண்டில் நிக்கோலஸ் என்றொரு ஆயர் வாழ்ந்தார். மூன்று பெண்களைக் கட்டிக்கொடுக்க வழியில்லாமல் தவித்த ஓர் ஏழைத் தகப்பனின் வீட்டுக்குள், ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் தங்கப் பையைப் போட்டுவிட்டுப் போனார் என்பது அவரைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் கதை. டிசம்பர் 6 அவருடைய நாள். டச்சுக்காரர்கள் அவரை 'சின்டர்கிளாஸ்' என்றார்கள். அமெரிக்காவில் அதுவே 'சாண்டா கிளாஸ்' ஆனது. எட்டு கலைமான்கள் 1823-ல் செய்தித்தாளில் வந்த ஒரு கவிதையால் பிரபலமாயின. குண்டான, தாடி வைத்த உருவத்தை 1860-களில் தொடங்கி தாமஸ் நாஸ்ட் என்ற ஓவியர் பத்திரிகைகளில் வரைந்து வரைந்து நிலைநிறுத்தினார். சிவப்பு மூக்கு வைத்த ஒன்பதாவது மான் 1939-ல்தான் வந்து சேர்ந்தது. தான் துப்பறிந்து பிடித்த விஷயத்தின் பின்னால் இவ்வளவு பெரிய வரலாறு இருக்கிறது என்று தெரிந்ததும் எங்கள் மகளுக்குக் கண் விரிந்துபோனது. இழந்ததற்கு ஈடாகக் கையில் ஏதோ கிடைத்த மாதிரி.

அழுதால், கோபப்பட்டால்

1994-ல் ஆண்டர்சன், பிரென்டிஸ் என்ற இருவர் 52 பிள்ளைகளிடம் பேசி வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பெரும்பாலான பிள்ளைகள் தாங்களாகவே ஏழு வயது வாக்கில் கண்டுபிடித்திருந்தார்கள். அவர்களின் உணர்வுகள் பெரும்பாலும் நல்லவிதமாகவே இருந்தன. வருத்தம் அதிகமாக இருந்தது பெற்றோருக்குத்தான். இதை நான் முன்பே படித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 'குழந்தைப் பருவம் முடிந்துபோயிற்றே' என்ற துக்கம் நம்முடையது. அதைத் துணையிடமோ நண்பர்களிடமோ சொல்லி ஆற்றிக்கொள்ளலாம். பிள்ளையின் எதிரில் கண் கலங்கினால், தான் கேட்டதால்தான் அம்மா அழுகிறாள் என்று அது நினைத்துக்கொள்ளும்.

பிள்ளை அழுதால் அழட்டும். "இதுக்கெல்லாமா அழுவாங்க?" என்று கேட்காதீர்கள். மடியில் வைத்துக்கொண்டு, "உனக்கு ரொம்பப் பிடிச்ச தாத்தா, கஷ்டமாத்தான் இருக்கும்" என்று சொன்னால் போதும்.

"ஏன் பொய் சொன்னீங்க?" என்பது இன்னும் கடினமான கேள்வி. அதற்கு நியாயம் கற்பிக்காதீர்கள். "அது பொய் இல்லடா, விளையாட்டு" என்றால் பிள்ளை ஒத்துக்கொள்ளாது. அது விளையாட்டு என்று அதனிடம் யாரும் சொல்லவில்லையே. "ஆமா, நிஜமில்லாததை நிஜம்னு சொன்னோம். உன் சந்தோஷத்துக்காகத்தான் செஞ்சோம், ஆனா உனக்கு மனசு கஷ்டமாயிடுச்சு. மன்னிச்சுக்கோ. இனிமே நீ நேராக் கேட்டா நேராத்தான் பதில் சொல்வேன்." இதைச் சொல்லிவிட்டு, அதன்படி நடந்துகொள்ளுங்கள். என் மகளிடம் இரண்டு வாரம் கழித்து நான் சொன்னதும் இதுதான். விடுப்புக் கடிதத்தையும் தாத்தாவின் கடிதத்தையும் மறுபடி எடுத்துவரச் சொல்லி, "இது என் 'ழ'தான்" என்று ஒத்துக்கொண்டேன்.

சில பிள்ளைகளிடம் எந்த மாற்றமும் தெரியாது. மூன்று நாள் கழித்துக் குளிக்கும்போது ஒரு கேள்வி வரும், ஒரு மாதம் கழித்து இன்னொன்று. முதல் பேச்சோடு முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

சங்கிலியாக வரும் கேள்விகள்

ஒரு கண்ணி அறுந்தால் மற்றவையும் அறும். "அப்போ பல் தேவதை? ஈஸ்டர் முயல்?" அதே நாளில் கேட்டால் அதே நாளில் பதில் சொல்லுங்கள். ஒன்றை ஒத்துக்கொண்டு மற்றதை நீட்டிக்கப் பார்த்தால், முதலில் சொன்ன உண்மையும் மதிப்பிழந்துபோகும். கேட்கவில்லை என்றால் நீங்களாக எடுக்க வேண்டியதில்லை. அடுத்த பல் விழும்வரை நேரம் இருக்கிறது.

"அப்போ கடவுளும் நீங்க சொன்ன கதைதானா?" இந்தக் கேள்வி பல வீடுகளில் வருகிறது, பெற்றோர் திடுக்கிட்டுப்போகிறார்கள். கோபப்படாதீர்கள். நீங்கள் நம்புகிறவர் என்றால், உங்கள் நிலையை அப்படியே சொல்லலாம்: "தாத்தா கதை நிஜமில்லேன்னு எனக்குத் தெரிஞ்சே சொன்னது. கடவுளை நான் மனசார நம்பறேன், இப்பவும் நம்பறேன். பெரியவங்களே இதுல வேற வேற மாதிரி நினைக்கிறாங்க. நீயும் வளர வளர யோசிக்கலாம்." நம்பாதவர் என்றால் அதையும் இதே நேர்மையோடு சொல்லலாம். தெரிந்தே சொன்ன கதைக்கும் உண்மையாகவே நம்புவதற்கும் உள்ள வித்தியாசம் எட்டு வயதுப் பிள்ளைக்கு நன்றாகவே புரியும்.

ரகசியம், புது வேலை

உண்மை தெரிந்த கையோடு பிள்ளைக்கு ஒரு பொறுப்பு கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் கொண்டாட்டத்திலிருந்து தள்ளிவிட்டதுபோல் ஆகிவிடும். "இதுவரைக்கும் நீ வாங்கிக்கிட்டே. இப்போ கொடுக்கிற பக்கத்துக்கு வந்துட்டே" என்று சொல்லுங்கள்.

முதல் வேலை இப்படி இருக்கலாம். பிள்ளை தனக்குத் தெரிந்த ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தனியாக இருக்கும் அக்கம்பக்கத்துப் பெரியவர், வகுப்பில் யாரோடும் சேராத ஒருவன், யாராகவும் இருக்கலாம். ஒரு வாரம் அவரைக் கவனித்து, அவருக்கு என்ன தேவை என்று கண்டுபிடிக்க வேண்டும். சின்னப் பொருளாக, முடிந்தால் கையால் செய்ததாக, அதை யாருக்கும் தெரியாமல் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். யார் வைத்தது என்று கடைசிவரை சொல்லக் கூடாது. நிக்கோலஸ் செய்ததும் அதைத்தானே. அன்று ராத்திரி பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். பெயர் சொல்லாமல் கொடுப்பதில் என்ன இருக்கிறது என்பதைப் பிள்ளைக்கு நாம் விளக்க வேண்டியிருக்காது.

இரண்டாவது வேலை, தம்பி தங்கைக்கு. என் மகள் அந்த டிசம்பரில் தம்பிக்கான தாத்தாவின் கடிதத்தைத் தானே எழுதுவதாகச் சொன்னாள். மூன்று வரைவு எழுதினாள். இடது கையால் ஒன்று, பெரிய எழுத்தில் ஒன்று. கடைசியில் 'ழ' வரும் சொற்களையெல்லாம் தேடித் தேடி எடுத்துவிட்டு எழுதினாள். 'குழந்தை' என்று வர வேண்டிய இடத்தில் 'பாப்பா' என்று போட்டாள்.

வெளியாட்கள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. "யார்கிட்டேயும் சொல்லக் கூடாது" என்று மட்டும் சொல்லி அனுப்பினால், நண்பன் கேட்கும்போது பொய் சொல்வதா, உண்மையைச் சொல்வதா என்று பிள்ளை திணறும். ஒரு வாக்கியத்தைக் கையில் கொடுத்து அனுப்புங்கள்: "அதை உங்க வீட்டுல கேளு." இதில் பொய்யும் இல்லை, போட்டு உடைப்பதும் இல்லை. அப்படியும் உளறிவிட்டால் பிள்ளையைத் திட்டாதீர்கள். அந்த வீட்டாருக்கு நீங்களே போன் செய்து விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். அவர்கள் தயாராக ஒரு மணி நேரம் கிடைத்தாலும் உதவிதான்.

உங்கள் பிள்ளைக்கு வெளியே யாராவது உடைத்துவிட்டால், கூட்டத்தில் கேலி செய்து சொல்லியிருந்தால், முதலில் அந்த அவமானத்தைத்தான் கவனிக்க வேண்டும். தாத்தாவைப் பற்றிய பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். "எல்லார் முன்னாலயும் சிரிச்சாங்களா?" என்று கேளுங்கள். பிள்ளைக்கு வலித்தது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

பத்து வயது தாண்டியும் நம்பினால்

இங்கே மட்டும் நான் முதலில் சொன்ன விதியைத் தளர்த்துவேன். பத்து, பதினொன்று வயதில் பெரிய வகுப்புக்குப் போகும் பிள்ளை இன்னும் முழுமையாக நம்பினால், வகுப்பில் கேலிக்கு ஆளாவதற்கு முன் நீங்களே சொல்வது நல்லது. அதுவும் திடுதிப்பென்று வேண்டாம். விடுமுறை முடிந்து சில வாரங்கள் ஆன, பரபரப்பில்லாத ஒரு நாளில் நிக்கோலஸின் வரலாற்றிலிருந்து தொடங்குங்கள். இந்தக் கதை எப்படி வளர்ந்தது என்று சேர்ந்து பாருங்கள். பல பிள்ளைகள் பாதியிலேயே "எனக்குத் தெரியும்" என்பார்கள். பரிசு நின்றுவிடுமோ என்ற பயத்திலோ, அம்மா வருத்தப்படுவாளோ என்ற எண்ணத்திலோ தெரியாததுபோல் இருந்திருப்பார்கள். "பரிசு நிக்காது" என்று அப்போதே சொல்லிவிடுங்கள்.

சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலர் அப்படி. அவர்களிடம் உவமைகள் வேண்டாம். 'தாத்தா நம் மனசில் இருக்கிறார்' என்றால் குழப்பம்தான் மிஞ்சும். எது மாறும், எது மாறாது என்று தெளிவாகச் சொல்லுங்கள்: கடிதம் எழுதுவது அம்மா, பரிசு வாங்குவது அப்பா, பரிசு வரும் நாள் அதே நாள், மரம் அதே இடத்தில்.

அடுத்த டிசம்பர்

உண்மை தெரிந்த பிறகு வரும் முதல் கிறிஸ்துமஸ் கொஞ்சம் தடுமாற்றமாக இருக்கும். மாத ஆரம்பத்திலேயே பிள்ளையோடு உட்கார்ந்து, எதை வைத்துக்கொள்ளலாம், எதை விட்டுவிடலாம் என்று கேளுங்கள். எங்கள் வீட்டில் காலுறை தொங்கவிடுவது நீடித்தது, பாலும் பிஸ்கட்டும் நீடித்தன, தாத்தாவின் பெயரில் வரும் கடிதம் மட்டும் நின்றது. அதற்குப் பதிலாக நானும் அவர்களும் ஒருவருக்கொருவர் கையெழுத்துப் போட்டே கடிதம் எழுதுகிறோம். சில பிள்ளைகள் "இன்னும் ஒரு வருஷம் மட்டும் நிஜம் மாதிரியே பண்ணலாமா?" என்று கேட்பார்கள். தெரிந்தே கேட்கிறார்கள், சந்தோஷமாகச் செய்யுங்கள். பிஸ்கட்டைக் கடித்து வைப்பது இந்த முறை யார் என்பதை மட்டும் முதலிலேயே பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள்; எங்கள் வீட்டில் அதற்கு இரண்டு பேர் போட்டி போட்டார்கள்.